மூன்றாவது பிஸ்டல்

ஐந்து ஐம்பதுக்கு அலாரம் அடித்தது. அவள்தான் அணைத்தாள். நான் எழுந்து காபிக்குத் தண்ணீர் வைத்தேன். பக்கத்து அடுப்பில் இரண்டு முட்டை போட்டேன். அவள் பல் தேய்த்து, முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பூட்டிய அலமாரியைத் திறந்து பிஸ்டலை எடுத்தாள். மேகசினைக் கழற்றி என்னிடம் காட்டினாள். தோட்டா போகும் இடத்தில் சுண்டுவிரலை விட்டுத் தடவினாள். நானும் எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தினமும் இப்படித்தான்.

பிறகு கூடத்து வெள்ளைச் சுவர் முன் நின்றாள். அந்தச் சுவரில் படம், நாள்காட்டி, ஆணி எதுவும் கிடையாது. கல்யாணமான முதல் வாரமே அந்தச் சுவர் தனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டாள். கையை உயர்த்துவாள். குழல் நுனியில் உள்ள முன்குறியை மட்டும் பார்ப்பாள். ட்ரிகரை அழுத்துவாள். டிக். கையை இறக்குவாள். தோட்டா இல்லாமல் நாற்பது முறை. நான் சமையலறையிலிருந்து காதாலேயே எண்ணிக்கொண்டிருப்பேன்.

அன்று இருபத்தாறில் நிறுத்திவிட்டாள்.

"ஏன் நிறுத்திட்டே?"

"முட்டை ஆறிடும்ல."

"முட்டை இன்னும் வேகவே இல்ல."

"அப்ப நான்தான் வெந்துட்டேன். விடு மேஸ்திரி."

காபி குடித்தோம். முட்டை சாப்பிட்டோம். அவள் ஒன்றரை ரொட்டி சாப்பிட்டாள். மீதிப் பாதியை என் தட்டில் வைத்தாள். நான் பாத்திரம் கழுவினேன். அவள் வாசல் விளக்கை அணைத்தாள். ஒன்பது மணிக்குக் கடையில் இருந்தோம்.

நான் வேலை செய்வது சுடும் போட்டிக்கான துப்பாக்கிகள் விற்கும் கடையில். மெக்கானிகல் படித்துவிட்டு அங்கே சேர்ந்தேன். என் வேலை, துப்பாக்கியின் மரப்பிடியை வாங்குகிறவர் கைக்கு ஏற்றபடி அரத்தால் ராவிக் கொடுப்பது. உள்ளங்கைக் குழி, கட்டைவிரல் மேடு, ஆள்காட்டி விரலின் நீளம், மணிக்கட்டின் சாய்வு எல்லாம் பார்க்க வேண்டும். அவள் கையை முதலில் அப்படித்தான் பிடித்தேன். வாடிக்கையாளராக வந்தவள். மூன்று முறை பிடி சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தாள். நான்காம் முறை கொண்டுவந்தபோது பிடி சரியாகத்தான் இருந்தது. "இன்ஜினியரிங் படிச்சிட்டுக் கட்டையைச் செதுக்கிட்டு இருக்காராம்" என்று அத்தை, அதாவது அவள் அம்மா, முதலில் இழுத்தார். அவள்தான் எனக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தாள்.

அவளுக்கு வேலை கண்ணாடிக் கடையில். அடுத்தவர் பார்வையை அளந்து கண்ணாடி மாட்டிவிடுவாள். சனி, ஞாயிறு முழுக்கச் சுடும் பயிற்சிக்கு ரேஞ்ச். இருபத்தைந்து மீட்டர், பாயிண்ட் டூ டூ பிஸ்டல். போன வருடம் மாநில அணி நான்கு புள்ளியில் கை நழுவிப் போனது. இந்த வருடத் தேர்வுக்கு மூன்று வாரம்கூட இல்லை. வயது முப்பது. இந்தத் தடவை இல்லாவிட்டால் விட்டுவிடுகிறேன் என்று அவளே சொல்லியிருந்தாள். விட மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

பிரச்சினை இரண்டு மாதமாக இருந்தது. பத்துக் குண்டில் ஒன்பது நடுவில் ஒரு ரூபாய் வட்டத்துக்குள் கொத்தாக விழும். ஒன்று மட்டும் மேலே எகிறி எட்டாம் வளையத்தில் போய் நிற்கும். எந்தக் குண்டு என்று சொல்ல முடியாது. ஒரு இலக்கு அட்டையில் மூன்றாவது, இன்னொன்றில் ஒன்பதாவது.

அட்டை படிப்பதில் நான் கெட்டிக்காரன். கடைக்கு வருகிறவர்கள் ஓட்டை விழுந்த அட்டைகளைக் கொண்டுவந்து என் மேஜையில் போடுவார்கள். ஓட்டைகள் கீழே இடதுபுறம் சாய்ந்தால் ட்ரிகரைப் பிடுங்குகிறார்கள். செங்குத்தாக நீண்டால் மூச்சு. பக்கவாட்டில் பரவினால் நிற்கும் நிலை. ஆளைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். முதலாளி அதை வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்வார்.

"முன்குறி குதிக்குது மேஸ்திரி. நல்லா நிக்கும், திடீர்னு ஒரு எம்பு எம்பும்."

"பிடியை இறுக்கிப் பிடிக்கிறே. இறுக்கினா உள்ளங்கை நாடி துப்பாக்கில தெரியும்."

"நாடி தெரியுறது தெரியாதா எனக்கு? இது அது இல்ல. ஒரு துடிப்பை விட்டுட்டு, சேர்த்து வச்சு ஒண்ணு அடிக்கிற மாதிரி."

நான் பிடியை ஒரு மில்லிமீட்டர் ராவினேன். அடுத்த வாரம் அதே இடத்தில் மரப்பசை வைத்து நிரப்பினேன். ட்ரிகர் எடையை மாற்றினேன். அட்டை மாறவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் மருத்துவரிடம் போய்விட்டு வந்தாள். கண்ணாடிக் கடை மாடிப்படியில் ஏறும்போது நெஞ்சு படபடவென்று அடித்ததாம். அவர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டிருக்கிறார். தாளம் கொஞ்சம் தப்புகிறது என்று சொல்லியிருக்கிறார். ஒரு நாள் முழுக்க நெஞ்சில் கருவி ஒட்டிக்கொண்டு இருக்கும் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை பத்துக் கொடுத்தார். அவள் மாத்திரை அட்டையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

"பேரைப் பாரு. நம்ம லிஸ்ட்ல இருக்கும்னு நினைக்கிறேன்."

துப்பாக்கி அலமாரிக் கதவின் உள்பக்கம் தடை செய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலை ஒட்டி வைத்திருந்தோம். துப்பாக்கி சுடுகிறவர்கள் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை போடக்கூடாது. கை ஆடாமல் நிற்க உதவும் என்பதால் தடை. ஓட்டப்பந்தயக்காரர் அதையே போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். நான் டார்ச் அடித்து விரலால் ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். இருந்தது.

"இருக்கு."

"எனக்குன்னு பார்த்து எழுதியிருக்காங்க பாரு. நீ ஸ்டெதஸ்கோப் வச்ச அன்னிக்கே சொல்லியிருந்தா..."

"நான் எங்கே ஸ்டெதஸ்கோப் வச்சேன்?"

"கையைப் பிடிச்சிட்டு அரைமணி நேரம் அளவெடுத்தியே. அன்னிக்கே தாளம் தப்பித்தான் அடிச்சிருக்கும்."

சிரித்தோம். பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"போடவா, வேண்டாமா?"

அவள் கேட்டது என்னிடம். நான் இரண்டு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"மூணு வாரம்தானே? டெஸ்டையும் செலக்ஷன் முடிஞ்சு வச்சுக்கலாம். இப்பப் போட்டு, அப்புறம் சிறுநீர்ல தெரிஞ்சா மொத்தமும் போச்சு. மயக்கம் கியக்கம் ஒண்ணும் இல்லல்ல?"

"படபடப்புதான்."

"பிஸ்டலை மாத்திடலாம். உன்னோடது முன்பக்கம் லேசு. முன்பாரம் உள்ளதா எடுத்தா அந்த எம்பலை அதுவே வாங்கிக்கும்."

அதுவே வாங்கிக்கும். அந்த வார்த்தைகளைத்தான் சொன்னேன். மாத்திரை அட்டையை என் அரங்கள் வைக்கும் இழுப்பறையில் போட்டேன். அவள் கண்ணில் படாமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

அந்த வாரச் சனிக்கிழமை, அவள் இருபத்தாறில் நிறுத்திய அன்றுதான், கடைக்குப் போனோம். கடையின் பின்பக்கம் சோதித்துப் பார்க்க இரண்டு பேர் நிற்கக்கூடிய நீளமான ரேஞ்ச் இருக்கிறது. சுவரெல்லாம் ஒலியை உறிஞ்சும் பஞ்சுப் பலகை. முதலாளி மூன்று பிஸ்டல்களைப் பெட்டியோடு எடுத்து வைத்திருந்தார். அவர் வியாபாரி மாதிரிப் பேச மாட்டார். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற பெரியப்பா மாதிரிப் பேசுவார்.

"வாம்மா. மூணு மாப்பிள்ளை வந்திருக்காங்க. பார்த்துப் பிடிச்சவனைச் சொல்லு."

"போன தடவை மாப்பிள்ளையை இவ்வளவு சோதிச்சிருந்தா, இந்த ஆளு முதல் ரவுண்டுலயே போயிருப்பாரு."

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. நல்ல அரம் இருக்கு, ராவி எடுத்துடலாம்."

முதல் பிஸ்டல் லேசானது. புதிதாகப் பழகுகிறவர்கள் பலரும் இதைத்தான் கேட்பார்கள். கையில் எடுத்ததும் சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தை நம்பக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்து, கண்ணைத் திற, முன்குறி பின்குறிப் பள்ளத்தின் நடுவில் தானாக நிற்கிறதா பார். நின்றால் அது உன் துப்பாக்கி. நிற்காவிட்டால் எவ்வளவு பேர் பெற்றதானாலும் வைத்துவிடு. ட்ரிகர் மேல் விரலின் முதல் கணுவுக்கு முன்னால் உள்ள சதை படிய வேண்டும், கணு படக்கூடாது.

அவள் கண்ணை மூடி உயர்த்தித் திறந்தாள். "வலது பக்கம் ஓடுது" என்றாள். ஆனாலும் ஐந்து சுட்டாள். நான் தொலைநோக்கியில் அட்டையைப் பார்த்தேன். பரவலாக இருந்தது.

"வேண்டாம்."

"அப்பாடா, ஒருத்தன் கழிஞ்சான்" என்றார் முதலாளி.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். காதுமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "ரெண்டு நிமிஷம்" என்றாள். முதலாளி தண்ணீர் கொடுத்தார். நான் இரண்டாவது பிஸ்டலின் பிடியைத் தளர்த்தி அவள் கைக்குச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேனா என்று இப்போது யாராவது கேட்டால், இல்லை. அவள் கையைப் பார்த்தேன். கை வியர்த்திருந்தது. துடைத்துக்கொள்ளச் சொல்லித் துண்டு கொடுத்தேன்.

இரண்டாவது கனமானது. குழலுக்கு அடியில் எஃகுப் பாரம். அவள் கண்ணை மூடி உயர்த்தினாள். திறந்தாள்.

"நடுவுல நிக்குது."

"சொன்னேன்ல?"

சுட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொரு குண்டுக்கும் இடையில் நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். நான்கும் பத்தில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. என் கண் தொலைநோக்கியில் ஒட்டியிருந்தது. சந்தோஷத்தில் முதலாளியின் தோளை இடது கையால் தட்டினேன். ஐந்தாவது சுட்டாள். மேலே, எட்டில். நான் காதுமூடியைக் கழற்றினேன்.

"ஒண்ணுதான் எகிறிச்சு. பிடி இன்னும் உட்காரல, அவ்வளவுதான். குரூப்பைப் பாருங்க முதலாளி, குரூப்பைப் பாருங்க."

அவள் ஏதோ சொன்னாள். நான் "ம்" என்றேன். மூன்றாவது பெட்டியின் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டிருந்தேன்.

மேகசினை உருவும் சத்தம் கேட்டது. மேல்பாகம் பின்னால் போய்ப் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிஸ்டல் மேஜையில் மெதுவாக வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு அவள் விழும் சத்தம்.

முதலாளி கத்தினார். "சுட்டுடுச்சா? யாருக்கு? எங்கே பட்டது?"

நான் அவள் மேல் விழுந்து தேடினேன். காயத்தைத் தேடினேன். வயிற்றில் தேடினேன். கழுத்தில், அக்குளில், தொடையில். சட்டையைக் கிழித்தேன். முதலாளி அவளைப் புரட்டி முதுகைப் பார்த்தார். "ரத்தம் இல்லடா, ரத்தம் எங்கேடா?" என்றார். நான் அவள் முடிக்குள் விரலை விட்டுத் தலை முழுக்கத் தடவினேன். விரலைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மறுபடி தடவினேன். பாயிண்ட் டூ டூ ஓட்டை சின்னதாக இருக்கும், தெரியாது. அதனால் மறுபடி, ஒவ்வொரு இடமாக. இருபது வருடம் துப்பாக்கி விற்றவரும் ஆறு வருடம் பிடி செதுக்கியவனும் சேர்ந்து ஓட்டை தேடினோம். துப்பாக்கி இருக்கிற அறையில் ஒருத்தர் விழுந்தால் குண்டு பட்டுத்தான் விழுவார்கள் என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகமே வரவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடையின் கேமராவைப் பார்த்துப் பிறகு போலீஸ்காரர் சொன்னார், மூன்று நிமிடம் நாற்பது விநாடி. அதற்கப்புறம்தான் முதலாளி அவள் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். அதற்கப்புறம்தான் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தோம்.

மேஜையில் பிஸ்டல் இலக்கைப் பார்த்து இருந்தது. மேகசின் பக்கத்தில், தனியாக. குழலில் தோட்டா இல்லை என்று காட்டும் ஆரஞ்சுப் பிளாஸ்டிக் துண்டை அவள் சொருகியிருந்தாள். விழப்போகிறவள் அதைச் செய்துவிட்டு விழுந்திருக்கிறாள். போலீஸ்காரர் அதைப் படம் எடுத்தார். காலித் தோட்டாக்களை எண்ணினார், பத்து. அட்டைகளில் ஓட்டைகளை எண்ணினார், பத்து. "எல்லாம் சரியா இருக்கு சார்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் இளம் மருத்துவர் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். இதயத்தின் தாளம் கெட்டு அப்படியே நின்றிருக்கிறது என்றார்.

"இதுக்கு முன்னாடி படபடப்பு, தலைசுத்தல்னு ஏதாவது சொன்னாங்களா? மாத்திரை எதுவும் எடுத்தாங்களா?"

"இல்ல."

இரண்டாவது கேள்விக்கு அது உண்மை. முதல் கேள்விக்கும் அதையே பதிலாக வைத்துக்கொண்டேன்.

அத்தை வந்தார். யாரோ போனில் துப்பாக்கிக் குண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். அவரும் அவள் மேல் போர்த்தியிருந்த துணியை விலக்கிக் காயத்தைத் தேடினார். நான் தடுக்கவில்லை. எங்கும் இல்லை என்று தெரிந்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா என்ன மாப்ளே சொன்னா? ஏதாவது சொன்னாளா?"

"உங்களைப் பார்க்கணும்னு சொன்னா அத்தை."

எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. தண்ணீர் கேட்டவருக்குக் கையில் இருந்ததைக் கொடுத்த மாதிரி கொடுத்துவிட்டேன். அவர் அதை வாங்கிக்கொண்டார். வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் சொன்னார். "கடைசி மூச்சுலயும் என்னைத்தான் கேட்டிருக்கா எம்பொண்ணு." ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன்.

பதினெட்டாம் நாள் வேலைக்குப் போனேன். யாரோ ஒருவருக்குப் பிடி ராவ வேண்டியிருந்தது. வீட்டு இழுப்பறையில் சின்ன அரம் இருந்தது, முந்தின நாள் எடுத்து வைக்கத் திறந்தேன். மாத்திரை அட்டை மேலேயே கிடந்தது. பத்தும் உடையாமல் இருந்தன. தேர்வு முந்தின ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிட்டது. இந்த வாரம் போட ஆரம்பித்திருக்கலாம்.

கடையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். ராவவில்லை. எழுந்து அந்த மருத்துவரிடம் போனேன், மாத்திரை கொடுத்தவரிடம். அவருக்கு விஷயம் தெரியாது. கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"போட்டிருந்தா பொழைச்சிருப்பாளா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. பரிசோதனை செஞ்சு பார்த்திருந்தா ஏதாவது சொல்லலாம். போட வேண்டாம்னு யார் சொன்னாங்க?"

"நான்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அங்கிருந்து நேராக அத்தை வீட்டுக்குப் போனேன். மத்தியானம் மூன்று மணி. அத்தை சமையலறைத் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கதவு திறந்தே இருந்தது.

"வாங்க மாப்ளே. சாப்டீங்களா? மெலிஞ்சு போயிட்டீங்க. அவ இருந்தா என்னைத் திட்டுவா."

"அத்தை, ஒண்ணு சொல்லணும்."

"உட்காருங்க முதல்ல."

உட்காரவில்லை. மாத்திரை அட்டையை அவர் முன்னால் வைத்தேன். நின்றபடியே சொன்னேன். மாடிப்படி, மருத்துவர், பட்டியல், மூன்று வாரம், முன்பாரம், எல்லாவற்றையும். அதுவே வாங்கிக்கும் என்று சொன்னதையும் சொன்னேன். காயம் தேடியதைச் சொன்னேன். மூன்று நிமிடம் நாற்பது விநாடி என்று சொன்னேன். குரல் உடையவில்லை. கடையில் விவரம் கேட்பவருக்குச் சொல்கிற மாதிரி வந்தது. அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

அத்தை கத்தியைக் கீழே வைத்தார். அட்டையை எடுத்துக் கட்டைவிரலால் ஒவ்வொரு மாத்திரையாகத் தடவினார்.

"பத்தும் இருக்கே" என்றார்.

"ம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அவளும் சொல்லல. நீங்களும் சொல்லல. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் நறுக்கிய பீன்ஸைக் கையால் ஒரு பக்கமாக ஒதுக்கினார். மறுபடி இன்னொரு பக்கமாக ஒதுக்கினார். வெளியே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலைந்து உதைக்குப் பிறகு அது கிளம்பிப் போயிற்று.

"என்னைப் பார்க்கணும்னு சொன்னான்னீங்களே" என்றார் அத்தை, தரையைப் பார்த்தபடி. "அதுவும் பொய்யா?"

"ஆமா அத்தை."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். அழவில்லை. கையை எடுத்தபோது கண் காய்ந்திருந்தது.

"அவ சொன்னது ஏதாவது இருக்குமில்ல. ஊர்ல உள்ளவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன், அது கெடக்கட்டும். எனக்குச் சொல்லுங்க. கூட்டாம குறைக்காம அப்படியே சொல்லுங்க."

நான் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். நான் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்துப் பெட்டிப் பக்கம் திரும்பியிருந்தேன். காதில் விழுந்தது. விழவில்லை என்று பதினெட்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் விழுந்தது. அதற்குத்தான் "ம்" என்றேன்.

அப்படியே சொன்னேன்.

"லேசா கண்ணு இருட்டுது மேஸ்திரி. பரவால்ல, நீ அடுத்ததை எடு."